‘அந்த ஊர் ஜெயிலிலேயே கிடக்கட்டும்’ என்று சொல்வதற்கு முன்

பெரு நாட்டின் தெற்கே, ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 4,600 மீட்டருக்கும் மேலே சாயாபல்கா என்றொரு சிறை இருக்கிறது. நம் தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான். அங்கே காற்றில் பிராணவாயு குறைவு. இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. கைதியைப் பார்க்க வரும் தாயோ மனைவியோ மலையேறி வந்து திரும்புவதே பெரும்பாடு. மனிதர்களை அடைத்து வைக்கத் தகுந்த இடமல்ல, மூடிவிடுங்கள் என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையம் 2003இல் இந்த ஒரு சிறைக்காகத் தனி அறிக்கையே வெளியிட்டது. பெரு அரசு மூடவில்லை.

2014 ஆகஸ்டில் நெதர்லாந்துக்காரனான யோரான் வான் டெர் ஸ்லோட் அங்கே மாற்றப்பட்டான். சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறான், அங்கேயே கிடந்து சாகட்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 2005 மே 30ஆம் தேதி, கரீபியன் தீவான அரூபாவுக்குப் பள்ளிச் சுற்றுலா போன 18 வயது அமெரிக்கப் பெண் காணாமல் போனாள். கடைசியாக அவளோடு இருந்தவன் இவன். பலமுறை பிடித்தார்கள், ஆதாரம் போதாமல் விட்டார்கள். உடல் கிடைக்கவே இல்லை. உடல் கிடக்கும் இடத்தைச் சொல்கிறேன் என்று 2010இல் அந்தப் பெண்ணின் தாயிடம் 2,50,000 டாலர் பேரம் பேசி, அதில் 25,000 டாலரை வாங்கிக்கொண்டு பொய்யான இடத்தைக் காட்டினான். அந்தப் பணத்தோடு பெருவுக்குப் போனான். முதல் பெண் காணாமல் போய்ச் சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 2010 மே 30 அன்று, லிமா நகர ஹோட்டல் அறையில் 21 வயதுப் பெண்ணைக் கொன்றான். சிலிக்குத் தப்பியவனைப் பிடித்துப் பெருவிடம் ஒப்படைத்தார்கள். 2012 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 28 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

பெருவில் சாதாரணக் கொலைக்குத் தூக்கு கிடையாது. அதனால்தான் பொதுமக்களின் ஆத்திரம் முழுவதும் சிறையின் கொடுமையைப் பிடித்துக்கொண்டது. நீதிபதி தராத தண்டனையைச் சிறை தந்துவிடும் என்பது அந்த நம்பிக்கை. அரபு நாட்டுச் சிறை, தாய்லாந்துச் சிறை, தென்னாப்பிரிக்கச் சிறை என்று இடம் மாறினாலும் பேச்சு ஒன்றுதான். சிறைகள் உண்மையில் இயங்கும் விதத்தையும், கொலைச் சந்தேக நபரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவரும் சட்ட நடைமுறையையும் கூர்ந்து பார்த்தால், இந்த நம்பிக்கை பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே எதிராகத் திரும்புவது தெரியும். சிறை எவ்வளவு மோசமோ, அவ்வளவு பலமான வாதம் கொலைச் சந்தேக நபரின் வக்கீல் கையில் இருக்கிறது.

முதலில் பெருவையே எடுத்துக்கொள்வோம். கைதிகள் அளவுக்கு மீறி அடைபட்டு, காவலர் எண்ணிக்கை குறைந்த சிறையில் உள் நிர்வாகம் கைதிகளின் கைக்குப் போய்விடும். லிமாவின் லுரிகாஞ்சோ சிறையில் ஒவ்வொரு பிளாக்குக்கும் கைதிகளே தங்களுக்குள் ஒரு தலைவரை வைத்துக்கொண்டு நிர்வகித்த முறை பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் படுக்கும் இடத்துக்கு விலை உண்டு. போனுக்கு விலை உண்டு, வெளிச் சாப்பாட்டுக்கு விலை உண்டு. பணமும் வெளித்தொடர்பும் உள்ள வெளிநாட்டுக் கைதி ஓரளவு சமாளித்துவிடுவான். சைக்கிள் திருடிய உள்ளூர்ப் பையன் கழிப்பறை வாசலில் படுப்பான். சிறையின் கொடுமை குற்றத்தின் கனத்தைப் பார்த்து விழுவதில்லை, கைதியின் பையைப் பார்த்து விழுகிறது. வான் டெர் ஸ்லோட் பெருவின் சிறையில் இருந்தபடியே 2014இல் திருமணம் செய்துகொண்டான். சிறைக்குள் போதைப்பொருள் கடத்திய வழக்கில் மேலும் 18 ஆண்டு தண்டனை வாங்கினான். மலையுச்சிக் குளிரால்கூட அவனை ஒழுங்குக்குக் கொண்டுவர முடியவில்லை.

அமெரிக்கப் பெண்ணுக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கும் அந்தக் குளிர் பதில் வாங்கித் தரவில்லை. பதில் வந்தது 2023இல், அலபாமாவில், ஒரு நீதிமன்றத்தில். பெரு அவனைத் தற்காலிகமாக அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. பணம் பறித்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்வது, நடந்ததை முழுமையாகச் சொல்வது, பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படுவது என்பவை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள். பதிலுக்கு, அங்கே விதிக்கப்படும் 20 ஆண்டு பெருவின் தண்டனையோடு சேர்ந்தே ஓடும். அப்படித்தான் 18 ஆண்டு கழித்து அந்தக் குடும்பத்துக்கு உண்மை தெரிந்தது. அரூபாவில் கொலைக்கான காலவரம்பு 12 ஆண்டு. அது எப்போதோ முடிந்துவிட்டதால் கொலைக்காக அவனை யாராலும் தண்டிக்க முடியவில்லை. அலபாமாவின் அரசு வக்கீல்கள் இதைத் தெரிந்தேதான் உண்மைக்கு விலையாகத் தண்டனையை விட்டுக்கொடுத்தார்கள். நான் அதைச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அவன் விஷயத்தில் குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாதது. எல்லா வழக்கும் அப்படி இருப்பதில்லை. 2010 நவம்பர் 13 இரவு, கேப்டவுனின் குகுலெத்து பகுதியில் தேனிலவுக்கு வந்த இந்திய வம்சாவளி மணப்பெண் ஒருவர் கார் கடத்தலில் கொல்லப்பட்டார். கணவர்தான் கூலி கொடுத்துக் கொல்லச் சொன்னார் என்று டாக்சி ஓட்டுநர் வாக்குமூலம் கொடுத்துத் தனக்குத் தண்டனைக் குறைப்பு வாங்கிக்கொண்டார். பிரிட்டனிலிருந்த கணவரை அனுப்பச் சொல்லித் தென்னாப்பிரிக்கா கேட்டது. அந்த நாட்டுச் சிறைகளில் கும்பல்களின் ஆட்சி நடக்கிறது, பாலியல் வன்முறையும் எச்ஐவி தொற்றும் இருக்கிறது, மனநலம் குன்றிய ஒருவர் அங்கே பிழைக்க மாட்டார் என்பது அவர் தரப்பு வாதம். அதற்குள் ஊர் தீர்ப்பெழுதி முடித்துவிட்டது. சிறையைப் பார்த்துப் பயப்படுகிறான் என்றால் அவன்தான் செய்திருக்கிறான் என்றார்கள்.

வழக்கு மூன்று ஆண்டுக்கு மேல் லண்டனில் இழுத்தது. கடைசியில் தென்னாப்பிரிக்கா அவரைச் சாதாரணச் சிறையில் அடைக்காமல் வால்கென்பெர்க் மனநல மருத்துவமனையில் வைத்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் விசாரணைக்குத் தேறாவிட்டால் திருப்பி அனுப்புவதாகவும் எழுதிக் கொடுத்திருந்தது. 2014 ஏப்ரலில் அவர் கேப்டவுன் போய்ச் சேர்ந்தார். டிசம்பர் 8 அன்று, அரசுத் தரப்புச் சாட்சிகள் ஒன்றோடொன்று முரண்படுவதைச் சுட்டிக்காட்டி, எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்கும் அவசியமே இல்லை என்று நீதிபதி ஜெனெட் டிராவெர்சோ வழக்கைத் தள்ளுபடி செய்தார். பெண் வீட்டாருக்கு அது ஆறாத காயம். ஆனால் அந்த விசாரணையை அவ்வளவேனும் நடக்கவைத்தது மருத்துவமனைக் கட்டில்தான். போல்ஸ்மூர் சிறையில்தான் அடைப்போம் என்று தென்னாப்பிரிக்கா பிடிவாதம் பிடித்திருந்தால் வழக்கு லண்டனிலேயே இன்னும் பல ஆண்டு கிடந்திருக்கும்.

சந்தேக நபர் வேறு, தண்டனை பெற்றவர் வேறு என்பதைப் பேச்சுக்கு எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். சிறை என்று வரும்போது மறந்துவிடுவார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75.8 பேர். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் தானாகக் கிடைக்கும் ஜாமீன் போய்விடும். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் கழித்தவரை விடலாம் என்ற சலுகை, தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்குப் பொருந்தாது. ஆகவே கொலைச் சந்தேக நபர் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்க முடியும், கடைசியில் நிரபராதி என்று வெளியே வரவும் முடியும். வெளிநாட்டு நீதிபதி இந்தியச் சிறையைப் பற்றிக் கேள்வி கேட்கும்போது அவர் கண்முன் இருப்பவர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர்.

இந்தக் கேள்வி கேட்கும் வழக்கம் தொடங்கியதே ஒரு கொலை வழக்கில்தான். 1985இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தம்பதி கொல்லப்பட்டார்கள். அவர்களின் மகளுடைய காதலனான ஜெர்மன் இளைஞர் யென்ஸ் சோரிங் பிரிட்டனில் பிடிபட்டார். அமெரிக்காவுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1989 ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. மரண தண்டனையே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் கைதிகளின் பகுதியில் சராசரியாக ஆறிலிருந்து எட்டு ஆண்டு வரை, 3 மீட்டருக்கு 2.2 மீட்டர் அறையில், கோடையில் வாரத்துக்கு ஏழரை மணி நேரம் மட்டும் வெளியே விட்டு வைத்திருப்பது மனிதத்தன்மையற்ற நடத்தை, அங்கே அனுப்புகிற நாடும் அதற்குப் பொறுப்பு என்றது. வர்ஜீனியா என்ன செய்தது? மரண தண்டனை கேட்கமாட்டோம் என்று உறுதி கொடுத்தது. சோரிங் அனுப்பப்பட்டார், 1990இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது, இரட்டை ஆயுள் விழுந்தது, 2019 வரை உள்ளே இருந்தார். மரண தண்டனையை விட்டுக்கொடுத்ததால்தான் தண்டனையே கிடைத்தது.

அதன் பிறகு இந்தச் சட்டம் சதுர மீட்டர் கணக்காக வளர்ந்துவிட்டது. குரோஷியாவுக்கு எதிரான முர்ஷிச் வழக்கில் 2016 அக்டோபர் 20 அன்று வந்த தீர்ப்புதான் இன்றைய அளவுகோல். பலர் சேர்ந்து இருக்கும் அறையில் ஒருவருக்கு 3 சதுர மீட்டருக்குக் குறைவான தரை இருந்தால் உரிமை மீறல் என்ற பலமான அனுமானம் எழும். கழிப்பறை, குளியல் இடத்தின் பரப்பைக் கழித்துவிட்டே அளக்க வேண்டும். கட்டில், மேசையின் இடத்தைக் கழிக்க வேண்டாம். ஆனால் அவற்றுக்கிடையே ஆள் நடமாட இடம் இருக்க வேண்டும். குறைவு கொஞ்ச நாளைக்கு, சிறிதளவு, எப்போதாவது மட்டும் என்றும், பகலில் வெளியே நடமாட விடுகிறோம் என்றும், மற்ற வசதிகள் சரியாக இருக்கின்றன என்றும் மூன்றையும் காட்டினால்தான் அரசு தப்பிக்க முடியும். அந்த வழக்கில் கைதி தொடர்ந்து 27 நாள் 3 சதுர மீட்டருக்குக் குறைவான இடத்தில் இருந்ததே மீறல் என்று தீர்ப்பானது. 3 முதல் 4 சதுர மீட்டர் வரை என்றால் வெளிச்சம், காற்று, வெளியே விடும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுவார்கள். சித்திரவதைத் தடுப்புக்கான ஐரோப்பியக் குழு கேட்பது இன்னும் கூடுதல்: பலர் இருக்கும் அறையில் ஆளுக்கு 4, தனியறைக்கு 6 சதுர மீட்டர்.

இதை ஐரோப்பியர் நம்மைக் குறைத்துப் பார்க்கும் பார்வை என்று தள்ளிவிட முடியாது. 2023இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் பிரிட்டன் கேட்ட ஒருவரையே, பிரிட்டிஷ் சிறைகளின் நெரிசலைக் காரணம் காட்டி, அனுப்ப மறுத்தது.

இந்திய அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு கூட்டுக் கொட்டடியில் கைதி ஒருவருக்கு 3.71 சதுர மீட்டரும், தனி அறைக்கு 8.92 சதுர மீட்டரும் கேட்கிறது. ஏட்டளவில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் 3 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டோம். ஆனால் 2022இல் நாடு முழுவதுமான சிறைகளின் நிரம்பல் 131.4 விழுக்காடு. கையேட்டின்படியே கட்டிய கொட்டடியில் 100 பேருக்குப் பதில் 131 பேரை அடைத்தால் ஆளுக்குக் கிடைப்பது சுமார் 2.8 சதுர மீட்டர். கழிப்பறையைக் கழித்தால் இன்னும் குறையும். லண்டனில் எதிர்த்தரப்பு வக்கீல் செய்வதும் இந்த வகுத்தல் கணக்குதான். அதற்கான எண்களையும் நம் அரசே ஆண்டுதோறும் அச்சிட்டுக் கொடுக்கிறது.

இதைச் சமாளிக்க ஒரே வழி, ஆளைக் கேட்கும் நாடு எழுதிக் கொடுக்கும் உத்தரவாதக் கடிதம். அதில்தான் பெரும்பாலான வழக்குகள் பிழைக்கின்றன அல்லது கெடுகின்றன. ‘சிறை விதிகளின்படி எல்லா வசதியும் செய்து தரப்படும்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு மதிப்பே இல்லை. எந்தச் சிறை, எந்த பிளாக், எத்தனையாவது அறை என்று இருக்க வேண்டும். கழிப்பறை நீங்கலாகத் தரைப் பரப்பு எவ்வளவு, உடன் எத்தனை பேர், ஜன்னல் எங்கே, இரவில் விளக்கு உண்டா, கழிப்பறைக்குக் கதவு உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெளியே விடுவார்கள், மருத்துவர் எப்போது வருவார், வக்கீலைத் தனியாகப் பார்க்க முடியுமா, தூதரக அதிகாரி முன்னறிவிப்பில்லாமல் வரலாமா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். வேறு சிறைக்கு மாற்றினால் அதே வசதி அங்கேயும் உண்டா என்பதும் வேண்டும். வழக்கமாக விடுபடுவது இரண்டு. ஒன்று, விசாரணைக் காலச் சிறையை வர்ணித்துவிட்டுத் தண்டனைக் காலச் சிறையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது. மற்றது, சிறைக்கு முந்தைய போலீஸ் காவலை மறந்துவிடுவது. பிரிட்டன் ஜோர்டானுக்கு நாடு கடத்த முயன்ற, அபு கத்தாடா என்று அறியப்பட்ட ஒத்மான் வழக்கில் 2012இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் இப்படிப்பட்ட கடிதங்களை எடை போடப் பதினொரு கேள்விகளை வகுத்துக் கொடுத்தது. யார் கையெழுத்திட்டது, அவர் சொல்லுக்கு உள்ளூர் அதிகாரி கட்டுப்படுவாரா, மீறினால் கண்டுபிடிக்க வழி உண்டா, இதற்கு முன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்களா என்பவை அவற்றில் சில.

உள்ளூர் அதிகாரி கட்டுப்படுவாரா என்ற கேள்விதான் இந்தியாவுக்குச் சிக்கல். நம் அரசியல் சட்டத்தில் சிறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுவது டில்லி. கைதியை அடைப்பது மாநிலம். வங்கிக் கடன், வைர மோசடி வழக்குகளில் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் கொட்டடியைப் பழுதுபார்த்து, அளந்து, படம் பிடித்துக் காட்ட முடிந்தது. 2018இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்ற நீதிபதி பகல் வெளிச்சத்தில் அந்த அறைக்குள் நடந்துபோகும் வீடியோ வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கொலை வழக்கில் இந்த வசதி கிடைக்காது. கொலை எங்கே நடந்ததோ அந்த மாவட்டத்தில்தான் விசாரணை. கைதி இருக்கப்போவது அந்த மாவட்டத்துக்குப் பக்கத்துச் சிறையில். அங்கே தயாராக வைத்திருக்கும் 12ஆம் எண் கொட்டடி எதுவும் கிடையாது.

கனடாவில் பிறந்த பஞ்சாபி இளம்பெண் ஒருவர் குடும்பத்தின் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டுநர் ஒருவரைக் காதலித்து மணந்தார். 2000 ஜூன் 8 அன்று பஞ்சாபில் கூலிப்படை இருவரையும் வழிமறித்தது. கணவர் படுகாயத்தோடு பிழைத்தார், அந்தப் பெண் கொல்லப்பட்டார். தாயும் தாய்மாமனும் கனடாவிலிருந்து ஏற்பாடு செய்த ஆணவக் கொலை என்பது பஞ்சாப் போலீஸின் குற்றச்சாட்டு. 2012இல்தான் கனடாவில் இருவரும் கைதானார்கள். 2014இல் அனுப்ப உத்தரவு போட்டார் கனடாவின் நீதி அமைச்சர். வயதானவர்கள், நோயாளிகள், இந்தியச் சிறை தாங்கமாட்டார்கள், இந்தியாவின் உத்தரவாதம் போதாது என்று சொல்லி 2016இல் பிரிட்டிஷ் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2017 செப்டம்பர் 8 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் திருப்பியது. மருத்துவ வசதி, பாதுகாப்பு, கனடா தூதரக அதிகாரிகள் போய்ப் பார்க்கும் உரிமை ஆகியவற்றை இந்தியா எழுத்தில் கொடுத்திருப்பதை அமைச்சர் நம்பியது நியாயமே என்றது. அந்த மாதக் கடைசியில் விமானம் ஏற்றக் கொண்டுபோனவர்களைக் கடைசி நேரத் தடையுத்தரவு திருப்பி அழைத்தது. 2019 ஜனவரி 24 அன்றுதான் அவர்கள் டில்லி வந்து இறங்கினார்கள். கொலை நடந்து பத்தொன்பதாவது ஆண்டு. கைதுக்குப் பிறகான ஏழு ஆண்டில் கணிசமான காலத்தைத் தின்றது சிறையும் உத்தரவாதமும் பற்றிய வாதம். ஆணவக் கொலை நம் ஊரிலும் நடக்கிறது என்பதால் இந்த வழக்கு இங்கே இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கனடா வழக்காவது ஒருவழியாக நகர்ந்தது. குஜராத் வழக்கு நகரவே இல்லை. லண்டனில் வசித்த தம்பதி குஜராத்தில் ஒரு சிறுவனைத் தத்தெடுத்து, அவன் பேரில் காப்பீடு எடுத்து, 2017இல் ஆள் வைத்து அவனைக் கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. தடுக்கப்போன உறவினரும் இறந்தார். முகாந்திரம் இருக்கிறது என்று வெஸ்ட்மின்ஸ்டர் நீதிபதி எம்மா ஆர்பத்நாட் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் 2019 ஜூலையில் அவர்களை விடுவித்தார். இரட்டைக் கொலைக்கு ஆயுள் விழுந்தால் குஜராத்தின் அன்றைய விதிகளின்படி தண்டனைக் குறைப்புக்கு வழியே இல்லை, சாகும்வரை மறுபரிசீலனை இல்லாத சிறை மனிதத்தன்மையற்றது என்பது காரணம். குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் கருணை காட்டும் அதிகாரம் இருக்கிறதே என்ற இந்தியாவின் வாதம் எடுபடவில்லை. 2020 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும் இந்தியாவின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அதே தம்பதி பிறகு ஆஸ்திரேலியாவுக்கு அரை டன்னுக்கு மேல் கோக்கெய்ன் கடத்தியதற்காக 2024 ஜனவரியில் லண்டனில் தலா 33 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். சிறுவனின் கொலை வழக்கில் அவர்கள் மீது விசாரணை நடக்கவே இல்லை. எத்தனையோ ஆண்டு கழித்து விடுதலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று மாநில அரசு உரிய காலத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தால், அந்தத் தடையைத் தாண்டும் நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். ‘செத்தாலும் வெளியே விடக் கூடாது’ என்று கேட்கும் மக்கள் குரலுக்கு ஒத்துப்போகும் விதிதான் அவர்களைப் பாதுகாத்தது. 2022இல் சாஞ்செஸ் வழக்கில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் இந்த அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்தியது. மறுபரிசீலனையற்ற ஆயுள் தனக்கு உண்மையிலேயே விழக்கூடும் என்பதை முதலில் சம்பந்தப்பட்டவரே காட்ட வேண்டும் என்றது. அந்தச் சிறுவனுக்கு அது தாமதமாக வந்த மாற்றம்.

சிறையின் பெயர் ஒருமுறை கெட்டால் அடுத்தடுத்த வழக்குகளுக்கும் அது தொற்றும். 2023 மே மாதம் திகார் சிறைக்குள்ளேயே ஒரு ரவுடிக் கும்பல் தலைவனை எதிர்க்கும்பல் குத்திக் கொன்றது, கேமராவில் பதிவானது, உலகமே பார்த்தது. 2025 பிப்ரவரி 28 அன்று, வரி ஏய்ப்பு வழக்கில் இந்தியா கேட்ட சஞ்சய் பண்டாரியை அனுப்ப முடியாது என்றது லண்டன் உயர் நீதிமன்றம். திகாரில் மற்ற கைதிகளோ அதிகாரிகளோ பணம் பறிப்பதற்காக அவரை மிரட்டவும் தாக்கவும் கூடும் என்பது ஒரு காரணம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அதை உறுதிப்படுத்துங்கள், சட்டம் இயற்றுங்கள், நாடு கடத்தல் வழக்குகளில் இது நமக்குத் தடையாக இருக்கிறது என்று சட்ட ஆணையம் 2017இல் தன் 273ஆம் அறிக்கையில் சொன்னது. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் 2020இல் போலீஸ் அடியில் இறந்ததை நாம் மறந்தாலும், தமிழ்நாட்டிலிருந்து ஒரு கோரிக்கை லண்டன் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் மறக்கமாட்டார்.

தூக்கு விஷயத்தில் நம் சட்டம் ஏற்கெனவே விவேகமாக இருக்கிறது. 1962ஆம் ஆண்டு நாடு கடத்தல் சட்டத்தின் 34சி பிரிவு, தூக்கு இல்லாத நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவருக்கு ஆயுள் மட்டுமே விதிக்கலாம் என்கிறது. 1993 மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமைப் போர்ச்சுகல் 2005இல் ஒப்படைத்ததும் தூக்கு இல்லை, 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்ற வாக்கின் பேரில்தான். மும்பைக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இது கசக்கும் என்பது புரிகிறது. ஆனாலும் 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசு அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டது என்று சொன்னது அடுத்த பத்து வழக்குகளுக்குப் போட்ட உரம். கொடுத்த வாக்கை மீறிய நாட்டுக்கு ஒருவரும் கைதியை அனுப்பமாட்டார்கள்.

மக்கள் கருத்து இப்படித்தான் இருக்கும், மாற்ற முடியாது என்பார்கள். நான் அதை நம்பவில்லை. குற்றவியல் அறிஞர் ரோஜர் ஹூட் மலேசியாவில் சுமார் 1,500 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. கொலைக்குக் கட்டாய மரண தண்டனை வேண்டுமா என்றதற்கு 56 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். பிறகு அவர்களிடமே சில கொலை வழக்குகளின் விவரங்களைக் கொடுத்து, என்ன தண்டனை தருவீர்கள் என்று கேட்டார்கள். கட்டாய தண்டனை வேண்டும் என்றவர்களில் எல்லா வழக்குக்கும் மரண தண்டனை சொன்னவர்கள் 14 விழுக்காடுதான். 2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கியது. கனடாவில் ஆண்டனி டூப், ஜூலியன் ராபர்ட்ஸ் இருவரும் 1980களில் செய்த சோதனைகளும் இதையே காட்டின: பத்திரிகைச் செய்தியை மட்டும் படித்தவர்கள் தண்டனை குறைவு என்றார்கள், அதே வழக்கின் நீதிமன்ற ஆவணச் சுருக்கத்தைப் படித்தவர்களிடம் அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. விவரம் கையில் இல்லாதபோதுதான் மக்கள் சிறையின் கொடுமையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதனால் ஆத்திரத்தை அடக்கச் சொல்லவில்லை, அது போக வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கொலை செய்துவிட்டு ஒருவர் ஐரோப்பாவுக்கோ கனடாவுக்கோ தப்பினார் என்றால், ‘அடித்து இழுத்து வா’ என்ற கோஷம் எதிர்த்தரப்பு மனுவில் பின்னிணைப்பாகப் போய்ச் சேரும். குடும்பமும் ஊரும் கேட்க வேண்டியவை வேறு. தொண்ணூறு நாளுக்குள் குற்றப்பத்திரிகை வந்ததா? சாட்சிகளின் தமிழ் வாக்குமூலங்கள் தகுந்த மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு, வரி பிசகாமல் ஆங்கிலமாகிச் சான்றளிக்கப்பட்டனவா? பிரிட்டனுக்குக் கோரிக்கை என்றால் முகாந்திரத்தைக் காட்டியாக வேண்டும், அங்கே மொழிபெயர்ப்புக் குளறுபடி வழக்கையே கவிழ்க்கும். தலைமறைவானவர் இல்லாமலே விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 356ஆம் பிரிவு வழி செய்கிறது. அதைப் பயன்படுத்தித் தண்டனை வாங்கினால், மறுவிசாரணை உரிமை உண்டா என்பதை வெளிநாட்டு நீதிமன்றம் முதலிலேயே கேட்கும். அதற்கான பதிலையும் கோரிக்கையோடு சேர்த்தே அனுப்ப வேண்டும்.

பிறகு சிறை. கைது வாரண்ட் கேட்கும்போதே, எந்தச் சிறையில் எந்த அறை என்று மாநில உள்துறை முடிவு செய்துவிட வேண்டும். பொதுப்பணித் துறைப் பொறியாளர் டேப் பிடித்து அளந்து, கழிப்பறையைத் தனியாகக் காட்டி, வரைபடம் போட வேண்டும். தூக்கு கேட்கமாட்டோம் என்பதும், ஆயுள் விழுந்தால் எத்தனையாவது ஆண்டில் மறுபரிசீலனை என்பதும் அரசின் பெயரால் கையெழுத்தாக வேண்டும், நாளைக்கே மாற்றலாகிப் போகக்கூடிய சிறைக் கண்காணிப்பாளரின் பெயரால் அல்ல. ஆள் வந்து சேர்ந்த பிறகு தூதரக அதிகாரி வந்து போன ஒவ்வொரு தேதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் நகல் அடுத்த வழக்குக்கான கோப்பில் முதல் தாளாகப் போக வேண்டும். இந்தியா முன்பு கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதா என்று கேட்கும் நீதிபதிக்கு அதைத்தான் காட்ட முடியும்.